பரம திருப்தி

மனநல மறுவாழ்வு இல்லங்களில் திருப்தி ஆய்வு நடக்கிற அழகே தனி. படிவத்தில் ஐந்து முகங்கள். முதல் முகம் வாய் நிறையச் சிரிக்கும், கடைசி முகம் அழும். ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அடிப்பவர் மூன்று வேளைச் சோறும் மாத்திரையும் அந்த இல்லத்தில் வாங்குகிறவர். பேனாவை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பவர் அந்தச் சோற்றைப் போடுகிறவர். அழுகிற முகத்தில் கைவைக்க யாருக்கு ஐயா துணிச்சல் வரும்? ஆக, அனைவருக்கும் பரம திருப்தி. அறிக்கை மேலே போகிறது, அடுத்த ஆண்டு நிதிக்கு வழி பிறக்கிறது.

தொழிற்பயிற்சி என்றால் மெழுகுவத்தி. பி.காம். படித்துக் கணக்கு எழுதியவருக்கும் மெழுகுவத்தி, பத்து வருஷம் லாரி ஓட்டியவருக்கும் மெழுகுவத்தி. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்துவிட்ட காலத்தில் இதை யார் வாங்குவது? சிறப்பு விருந்தினர்கள்தான். ஆளுக்கொரு பாக்கெட் வாங்கி, படமும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். செய்தவர் கூலி கேட்டால், "இது உனக்கு ட்ரீட்மென்ட்டுப்பா" என்று பதில் வரும். மனநல நிறுவனத்தில் வேலை செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 20ஆம் பிரிவு. அதை எந்தச் சுவரிலும் ஒட்டிப் பார்த்ததில்லை. நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்கே இடம் போதவில்லை.

19ஆம் பிரிவு இன்னும் வேடிக்கை. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் யாரையும் நிறுவனத்திலேயே வைத்திருக்கக் கூடாதாம். குணமானவர் வாடகைக்கு வீடு கேட்டுப் போகட்டும், தெரியும் சேதி. பத்து மாச அட்வான்ஸ் என்று ஆரம்பித்த வீட்டுக்காரர், மாத்திரை விஷயம் காதில் விழுந்ததும், "சொந்தக்காரங்க குடி வர்றாங்க" என்று கதவைச் சாத்துவார். சமூகம் சார்ந்த மறுவாழ்வில் சமூகத்தின் பங்கு அவ்வளவுதான்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். முதல் நாள் சாயங்காலம் அவர்களிடம் அந்த ஐந்து முகப் படிவத்தைக் கொடுத்திருந்தாலும் எல்லாரும் திருப்தி என்றுதான் சொல்லியிருப்பார்கள். கட்டிப்போட்டவனே கேட்டால் வேறென்ன சொல்வது?

நிர்வாகிகளே, அடுத்த ஆய்வுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் முதலில் அந்த மெழுகுவத்திக் கூலிப் பாக்கியைத் தீருங்கள்.