பேனாவின் தீர்ப்பு

சால்ட் லேக் ஸிட்டி

சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம்.

"வீட்டில் ஓர் அறை நிறையக் காகிதமாமே, உத்தியோகம் போய்ப் பழைய பேப்பர் வியாபாரத்தில் இறங்கிவிட்டாயா?" என்று தாங்கள் விசாரித்திருந்தீர்கள். உத்தியோகம் க்ஷேமமாகவே இருக்கிறது. காகிதமெல்லாம் தங்கள் மருமகளுடையது. புகைப்படங்களை அலங்காரத் தாளில் ஒட்டி, சுற்றிலும் ரிப்பனும் பொத்தானும் பதித்து, பக்கத்தில் நாலு வரி எழுதி வைக்கும் ஸ்கிராப்புக் என்ற கலை அவளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. 1980-ல் இந்நகரில் கூடிய உலக ஆவண மாநாட்டில் மேரியலன் கிறிஸ்டென்சன் என்ற மாது தம் குடும்ப ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்த நாள் முதல் இப்பிராந்தியத்தில் பிரசித்தி பெற்றுவிட்ட இக்கலை, அடுத்த வீட்டு அம்மாளின் அனுக்கிரகத்தால் எங்கள் வீட்டுக்கும் விஜயம் செய்தது.

இதற்கென்றே விற்கும் அலமாரியின் விலையைக் கேட்டதும் நான் காட்டிய முகபாவத்தைக் கண்டு, அவள் சிக்கன விரதம் பூண்டாள். எவ்வளவு தேய்த்தும் பூண்டு வாசனை போகாத ஸாஸ் பாட்டில்களில் பொத்தான்கள் குடியேறின. என் டைகளை வெளியேற்றிவிட்டு அந்த ஹாங்கரில் ரிப்பன்கள் தொங்கலாயின. பன்னிரண்டு அங்குலச் சதுரத் தாள்தான் எந்தத் தட்டிலும் அடங்காமல், நிறுத்தினால் வளைந்து, படுக்க வைத்தால் பாதி மேஜையை அடைத்தது. ஆகவே பீட்ஸா கடைக்குச் சென்று, பீட்ஸா வேண்டாம், பெரிய காலிப் பெட்டிகள் மட்டும் போதும் என்று யாசித்து வரும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

பெட்டிகள் வந்த மாலையே பேனாவும் வந்தது. காகிதத்தில் இதனால் ஒரு கோடு இழுத்தால், அமிலமற்றதாயின் ஊதாவாகவும், அமிலமுள்ளதாயின் மஞ்சளாகவும் தெரியுமாம். மஞ்சளானது நாளடைவில் பழுப்பேறிப் பொடிந்து, தன்னோடு உறவாடும் படத்தையும் கெடுத்துவிடுமாம். பெட்டி மஞ்சள். ஆகவே தாள்களைப் பாலிப்ரொப்பிலீன் உறையிலிட்டே பெட்டிக்குள் வைக்க வேண்டும், பி.வி.சி. உறையையோ தொடவே கூடாது. பாட்டியின் மடி ஆசாரத்தில் வளர்ந்த எனக்கே இந்த ஆசாரம் மூச்சு முட்டுகிறது. அத்துடன் நின்றாளா? என் நியமன உத்தரவில் ஒரு கோடு. ஜாதகத்தில் ஒரு கோடு. தங்கையின் கல்யாணப் பத்திரிகையில், மங்களமாகத் தடவிய மஞ்சள் எது, பேனாவின் தீர்ப்பு எது என்று புலப்படாத மூலையில் ஒரு கோடு. தங்கள் கடிதத்திலும் இழுத்துப் பார்த்து, "அமிலம் ஜாஸ்தி" என்றாள். தங்கள் கடிதங்களைப் பற்றி எனக்கு இது பால்யத்திலேயே தெரியும் என்றேன். க்ஷமிக்க வேண்டும்.

இப்போது எல்லாம் அதனதன் இடத்தில் அமர்ந்திருக்கின்றன; வருகிறவர்கள் மெச்சுகிறார்கள். ஆனால், ஒட்டத்தான் படமில்லை. இங்கே எடுத்தவை யாவும் டெலிபோனுக்குள் இருக்கின்றன. அவற்றிலோ பனியும் காரும் நாங்கள் இருவருமே தவிர வேறு மனிதர் இல்லை. நம் மனிதர்களெல்லாம் தங்கள் பீரோவிலுள்ள கறுப்புத் தாள் ஆல்பத்தில் அல்லவோ இருக்கிறார்கள்! திண்ணையில் பாட்டி மடியில் நான் அழுதுகொண்டிருக்கும் படம் உட்பட அனைத்தையும் பிரதி எடுத்து அனுப்பக் கோருகிறேன். செலவை நான் ஏற்கிறேன். அசலை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பாட்டியின் முகத்தருகே அந்தப் பேனா வருவதை என்னால் சகிக்க இயலாது.

சித்திக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
தங்கள் விதேய குமாரன்