சீரியல் நம்பர் அண்ணை

பாரிசின் லாச்சப்பல் பக்கத்துக் கலியாண மண்டபங்களில் டெனர் சாக்ஸபோன் ஊதுகிறவர்களில் ஒரு வகைக்காரர் உண்டு. அவருக்குச் ‘சீரியல் நம்பர் அண்ணை’ என்று பெயர் வைக்கலாம். மனிதர்களை முகத்தால் அறிகிறவர், சாக்ஸபோனை மட்டும் அதன் உடலில் பொறித்த எண்ணால் அறிவார். ஹென்றி செல்மர் நிறுவனம் 1954இல் வெளியிட்ட ‘மார்க் சிக்ஸ்’தான் அவருடைய குலதெய்வம். எண் ஐந்திலக்கமாக இருந்தால் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போவார். ஆறிலக்கம் என்றால், “பிந்தின சாமான் தம்பி, பித்தளையே வேற” என்று உதட்டைப் பிதுக்குவார். 1846இல் இந்த வாத்தியத்துக்குக் காப்புரிமை பெற்ற அடோல்ஃப் சாக்ஸின் பட்டறை இருந்த சென்-ஜோர்ஜ் தெரு, லாச்சப்பலில் இருந்து நடந்தே போகக்கூடிய தூரம். செல்மர் தொழிற்சாலை பாரிசுக்கு மேற்கே மாந்த்-லா-வில்லில் இருக்கிறது. அண்ணை ஆலோசனை கேட்பதோ ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம்.

அசல் பழசுக்குக் காசு காணாதபோது அவர் பார்வை ‘பழைய பாணி’ப் புதுசின் மேல் விழும். ‘ரெஃபரன்ஸ் 54’ என்று பழைய ஆண்டைப் பெயரிலேயே வைத்துச் செல்மரும் விற்றது, தைவான்காரரும் செய்கிறார்கள். இவற்றில் சில, மினுக்கம் இல்லாமல், ஆங்காங்கே கறுத்து, ஐம்பது வருசம் உழைத்த கோலத்தோடு பெட்டியிலிருந்து இறங்கும். வீட்டுக் குத்துவிளக்கு இந்த நிறத்துக்கு வந்தால் மனிசி புளி போட்டுத் தேய்த்துவிடுவார். கடையில் அதே கறுப்புக்கு அண்ணை கூடுதலாகக் காசு கொடுப்பார். ஊதிப் பார்க்குமுன்பே “என்ன ஒரு நாதம்!” என்பார். அவர் கண்ணால் கேட்கிற ரசிகர்.

நாதத்தில் உலோகத்தின் வயதுக்கு உள்ள பங்கு மிகச் சொற்பம் என்றே நினைக்க வேண்டியிருக்கிறது. 1971இல் ஜான் கோல்ட்மன், உள்ளளவு ஒன்றாக இருக்கும்படி வெள்ளியிலும் செம்பிலும் மரத்திலும் புல்லாங்குழல் செய்து சோதித்தார். கேட்டவர்களாலும் சரி, வாசித்தவர்களாலும் சரி, எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. “அது புல்லாங்குழல், இது சாக்ஸ்” என்று அண்ணை மறிப்பார். சரி, நம் வாத்தியத்துக்கே வருவோம். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்கிறவர்கள், இடித்த பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பழசுக்கு மதிப்பு உண்டென்று அவர்களும் ஒப்புகிறார்களே என்றால், காரணம் வேறு: பச்சை மரம் காயும்போது வளையும், வெடிக்கும், ஆண்டுகள் போன மரம் அடங்கிவிடும். பித்தளைக்குக் காய்வதற்கு ஈரமே இல்லை. நாகஸ்வர வித்துவான்கள் உயிரைக் கொடுத்துப் பொறுக்குவது ஊதுமுனையான சீவாளியை. மாற்றுச் சீவாளிகளை வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். சாக்ஸபோனுக்கும் ஒலி பிறக்கும் இடம் மவுத்பீசும் ரீடும் ஊதுகிறவரின் வாயும் தொண்டையும்தான். ரீடுக்குப் பேர்போன வாந்தோரென் கடை லாச்சப்பலுக்கு அடுத்துள்ள மொன்மார்த்தில், லெப்பிக் தெருவில் இருக்கிறது. குழலுக்குப் பல ஆயிரம் யூரோ எண்ணிய அண்ணை, ரீட் பெட்டிக்கு மட்டும் பேரம் பேசுவார்.

இன்னும் ஒரு வாதம் வைத்திருக்கிறார்: பழைய குழலின் உள்வடிவம் வேறு, கையால் செய்ததால் ஒவ்வொன்றும் ஒரு விதம். முதல் பாதி நியாயம்தான். கழுத்தும் குழலும் விரியும் அளவு ஒலியை மாற்றும். ஆனால் அளவைப் படியெடுக்கலாம், புதுசுகள் செய்வதும் அதைத்தான். இரண்டாம் பாதி அவர் காலையே வாரிவிடும்: ஒவ்வொன்றும் ஒரு விதமென்றால் எண்ணைப் பார்த்து எப்படித் தெரிவு செய்வது? ஊதும்போது தட்டுப்பட்டு, அவர் “பழசின் கனம்” என்று உருகும் எதிர்ப்புகூட, துளை மூடும் பேட் தேய்ந்து காற்றுக் கசிவதாக இருக்கலாம். உள்ளே ஒரு சின்ன விளக்கை இறக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கைக்கு அமைவது மட்டும் மெய்யான விசயம். 1936இல் வந்த ‘பேலன்ஸ்ட் ஆக்‌ஷன்’ தொடங்கி மார்க் சிக்ஸ் வரை செல்மர் விசைகளை விரல் இயல்பாக விழும் இடத்துக்கு நகர்த்தியது; பிறகு வந்த தயாரிப்பாளர் பெரும்பாலோர் அந்த அமைப்பையே பின்பற்றினார்கள். சுண்டுவிரல் எட்டுகிறதா, தோள் வலிக்கிறதா என்பதைக் கடையிலேயே அறியலாம். ஆகவே வழி எளிது: சொந்த மவுத்பீசைக் கொண்டுபோய், கண்ணைக் கட்டிக்கொண்டு, நாலைந்தை ஊதிப் பார்க்க வேண்டும். ‘டூயட்’ படத்தில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸைக் கேட்டு உருகியவர்களில் எத்தனை பேர் அதன் எண்ணை விசாரித்திருப்பார்கள்?

இவ்வளவும் சொன்னாலும் அண்ணை எண் பார்த்துத்தான் வாங்குவார். அதில் ஒரு நன்மையும் உண்டு. கொடுத்த காசை நினைத்த பயத்தில் தினமும் இரண்டு மணி நேரம் ஊதுவார். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை விடமாட்டார். சில மாதத்தில் உண்மையாகவே நாதம் திரளும். அந்தப் பெருமை முழுவதையும் சீரியல் நம்பர் கொண்டுபோய்விடும்.