பட்டாளத்து ஜீப்புக்குப் பட்டா உண்டா?

கே: மிலிட்டரி ஏலத்தில் போன ஜோங்கா ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஆர்டிஓ ஆபீசில் போய் ‘பேரு மாத்தணும்’ என்றேன். சிரிக்கிறார்கள். என்ன தப்பு?
– பொள்ளாச்சி வாசகர்

ப: பேர் மாற்ற, முதலில் பேர் இருக்க வேண்டுமே! ராணுவ வண்டி எதுவும் ஆர்டிஓ பதிவேட்டில் ஏறுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 60-வது பிரிவு அதற்குத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. மத்திய அரசு இதற்கென்று குறிப்பிடும் அதிகாரிதான் அவற்றைப் பதிவு செய்வார். நாட்டைக் காக்கும் வேலையை விட்டு வண்டி வெளியே வந்ததோ இல்லையோ, எல்லா வண்டிக்கும் பதிவு கேட்கும் 39, 40-வது பிரிவுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். அதாவது, உங்கள் ஜோங்கா இமயமலையையே ஏறி இறங்கியிருந்தாலும், ஆர்டிஓ கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது புதுப்பதிவு. ஷோரூமிலிருந்து நேற்று இறங்கிய காருக்குப் பூர்த்தி செய்யும் அதே 20-ம் எண் படிவம்தான். புதுக் கார் வாங்கினால் டீலர் 21-ம் எண் படிவத்தில் விற்பனைச் சான்றிதழ் தருவார் அல்லவா? உங்களுக்கு அதை ராணுவ அதிகாரி தந்திருக்க வேண்டும். முன்னாள் ராணுவ வண்டிக்கு இந்தச் சான்றிதழின் அசல் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 47 தனியாகவே சொல்லிவைத்திருக்கிறது. ஜெராக்ஸைக் கொடுத்துவிட்டு அசலை பீரோவில் பூட்டி வைக்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

அப்புறம் இன்சூரன்ஸ், முகவரிச் சான்று, மாநிலத்துக்கு மாநிலம் மாறும் வரி. கடைசியாக பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வை. சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் காகிதத்தில் உள்ளபடியே வண்டியில் இருக்கிறதா என்று பார்ப்பார். பட்டாளத்து வண்டியில் பெயின்ட் மேல் பெயின்டாக அடித்திருப்பார்கள், நம்பர் அதற்கடியில் புதைந்து கிடக்கும். முந்தின நாளே பொறுமையாகச் சுரண்டி வையுங்கள். அவர் எதிரில் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தால், நம்பரைத் தேடுகிறீர்களா, புதிதாகச் செதுக்குகிறீர்களா என்ற சந்தேகம் அவருக்கு வருவது நியாயம்.

கே: விற்ற ஆள் ‘அந்தச் சான்றிதழ் பின்னாலேயே வரும்’ என்கிறார். நம்பலாமா?
– ஓசூர்

ப: சான்றிதழ் முன்னால் வரட்டும், வண்டி பின்னாலேயே வரட்டும். விலை பேசும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ராணுவம் அதை வண்டியாக விற்றதா, பழைய இரும்பாக விற்றதா? இரும்பு என்று விற்ற பொருளுக்கு நீங்கள் நாலு சக்கரம் மாட்டலாம், நம்பர் மாட்ட முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. அரசு வண்டிகளுக்கு 15 வயதோடு ஆர்சி முடிகிறது, புதுப்பிக்கவும் முடியாது. நாட்டின் பாதுகாப்புக்கான களப்பணியில் இருக்கும் கவச வண்டி போன்ற சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே வயதான வண்டியென்றால், உங்கள் ஊர் ஆர்டிஓ ஆபீசில் விசாரித்த பிறகு ஏலத்தில் கையைத் தூக்குங்கள்.

கே: பெயின்ட் மட்டும் அப்படியே இருக்கட்டுமே? அந்தப் பச்சைக்காகத்தானே வாங்கினேன்!
– திருச்சி

ப: கூடாது. பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்கிறது விதி 121. கிளிப்பச்சை அடியுங்கள், யாரும் சல்யூட் அடிக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

கே: என் கணவர் ஜீப்பில் அம்பு போட்ட பழைய நம்பர் பிளேட்டைக் கழற்ற மாட்டேன் என்கிறார். டோல்கேட்டில் மரியாதை கிடைக்கிறதாம். கூடவே இரண்டு நட்சத்திரமும் ஒட்டப்போகிறாராம்.
– கோவை வாசகி

ப: அம்மா, இரண்டு நட்சத்திரம் மேஜர் ஜெனரலுக்கு. வீட்டில் அவருக்கு அந்தப் பதவியை நீங்கள் கொடுத்திருந்தாலும் ரோட்டில் செல்லாது. அந்த அம்பு பிரிட்டிஷ் காலத்து வழக்கம், அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். அதையடுத்து வருகிற இரண்டு இலக்கம், வண்டி ராணுவத்துக்கு வந்த வருஷம். அந்த எண் ராணுவத்தின் கணக்கைச் சேர்ந்தது, வண்டியோடு சேர்த்து ஏலம் போவதில்லை. டோல்கேட்டில் சல்யூட் அடித்தவருக்கு அது தெரியாமலிருக்கலாம். அடுத்த வரிசையில் நிஜ மேஜர் ஜெனரல் நின்றால்?

கே: ஜோங்கா பெட்ரோலைக் குடிக்கிறது. டீசல் இன்ஜின் மாற்றி, கூரையையும் வெட்டிவிட்டால் என்ன?
– தேனி

ப: ஜபல்பூரில் நிசான் பேட்ரோல் வடிவில் செய்த வண்டி. ஆறு சிலிண்டர், 3,956 சிசி. அது குடிக்காமல் என்ன செய்யும்? உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் இன்ஜினை மாற்றுவது மெக்கானிக்கும் நீங்களும் டீக்கடையில் பேசி முடிக்கும் விஷயமல்ல. 52-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களோடு ஒத்துப்போகாதபடி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அரியானாவில் மண்டி டப்வாலி என்றோர் ஊர், உதிரி பாகங்களைச் சேர்த்து ஜீப் கட்டித் தருவதற்குப் பேர்போனது. அழகாகத்தான் கட்டுகிறார்கள். ஆனால் எந்த ஜீப்பின் ஆர்சி, எந்த ஜீப்பின் சேஸிஸ் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கும்போது கட்டியவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இதில் அமெரிக்கர்கள் நமக்கு அண்ணன்மார். எம்151 என்ற ஜீப் வளைவில் திரும்பும்போது கவிழ்கிறது என்பதால், பொது ரோட்டுக்கு ஆகாது என்று ராணுவமே அதைத் துண்டாக வெட்டி விற்றது. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைத்து ஒட்டிக்கொண்டார்கள்!

கே: தாத்தா காலத்து வில்லிஸ் ஜீப் இருக்கிறது. 1943 மாடல், ஸ்டியரிங் இடது பக்கம். ஓட்டலாமா?
– ஊட்டி

ப: கொடுத்து வைத்தவர்! டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க் இருக்கும், பங்கில் நீங்கள் எழுந்து நின்றால்தான் ஊற்ற முடியும். இடது பக்க ஸ்டியரிங் குற்றமல்ல. 120-வது பிரிவு கேட்பதெல்லாம், திரும்பும்போது காட்ட விதிப்படியான சிக்னல் கருவி மட்டும். தாத்தாவின் ஆர்சி புக் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள், எந்த நிலையிலும் தொலைக்காதீர்கள்.

ஐம்பது வயது தாண்டி, சொந்த உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கு 2021-இல் விண்டேஜ் பதிவும் வந்தது. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். ஆனால் அந்த நம்பரோடு கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். தினமும் மார்க்கெட்டுக்கு முட்டைக்கோஸ் வாங்கப் போகக்கூடாது, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடக்கூடாது. என்னைக் கேட்டால், பழைய ஆர்சிக்கு உயிர் இருக்கும்வரை இந்தப் பக்கம் வராதீர்கள். ஓடுவதற்காகப் பிறந்த வண்டியை பொம்மையாக்குவானேன்?

கே: மாற்றலாகிப் போகும் ராணுவ அதிகாரி ஒருவர் ஜிப்ஸியை அறுபதாயிரத்துக்குத் தருகிறாராம். அடையாள அட்டையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முன்பணம் மட்டும் போட வேண்டுமாம்.
– மதுரை

ப: போடாதீர்கள். அட்டையும் சீருடைப் படமும் யாருடையதோ. இந்த வித்தைக்கு வயசு அதிகம். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் ‘பெட்டியில் அடைத்த புது ஜீப் ஐம்பது டாலர்’ என்று விளம்பரம் வரும். பணம் அனுப்பினால் வருவது, ராணுவ உபரிச் சாமான்களை எப்படி வாங்குவது என்று விளக்கும் ஒரு சின்னப் புத்தகம். அந்தக் காலத்து ஏமாற்றுக்காரர் புத்தகமாவது கொடுத்தார்.

கே: டாங்கி வாங்கினால்?
– ஆவடி

ப: உங்கள் ஊரில் செய்கிறார்கள், ஆசை வருவது இயல்பு. இங்கே வேலைக்காகாது. ராணுவத்திலிருந்து வெளியே வரும் டாங்கிகள், சுடும் வேலையை மறந்து முச்சந்தியில் நினைவுச்சின்னமாக நிற்கத்தான் வருகின்றன. பிரிட்டனில் தனியார் சிலர் டாங்கிக்கு நம்பரே வாங்கி ரோட்டில் ஓட்டுகிறார்கள். அங்கே சங்கிலிச் சக்கர வண்டிக்கென்று லைசென்ஸில் ‘எச்’ என்று தனிப் பிரிவு உண்டு. பழகும் காலத்தில் டாங்கியின் முன்னும் பின்னும் எல் போர்டு மாட்டியாக வேண்டும்.