பெரியம்மாவும் எட்டு முழமும்

கல்யாண வீட்டில் முகத்தைப் பார்த்து நலம் விசாரிப்பவர்கள் ஒரு ரகம். வேட்டியைப் பார்த்து விசாரிப்பவர்கள் இன்னொரு ரகம். வேலூரில் இருக்கும் என் பெரியம்மா இரண்டாவது ரகம். "நல்லா இருக்கியாப்பா?" என்று வாய் கேட்கும்போதே கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதிரே நிற்பவரின் வேட்டி நுனியைத் தேய்த்துப் பார்த்துவிடும். பாலியஸ்டர் கலந்தது என்று தெரிந்தால் அந்த ஆளோடு அதற்கு மேல் பேச்சில்லை. சுத்தப் பருத்தி, பத்து வருஷம் அடித்துத் துவைத்தது என்று பட்டால் குரல் குழையும்: "இது பழசாயிடுச்சே, இன்னும் ஏம்ப்பா கட்டிக்கிட்டிருக்கே?"

குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். நாம் இடுப்பில் கட்டியிருப்பது நமக்குத்தான் வேட்டி. அவர் கண்ணுக்கு அது இன்னும் பிறக்காத ஏதோ ஒரு குழந்தையின் மூத்திரத் துணி.

இதில் முதல் தியாகி பெரியப்பா. புது வேட்டி மொடமொடவென்று இருக்கும். தொடையில் ஒட்டாது, நடந்தால் சத்தம் போடும். அதைக் கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, பூப்போல மெத்தென்று ஆகிற அன்றைக்குக் கொடியிலிருந்து காணாமல் போய்விடும். "வேட்டி எங்கடி?" என்றால், "மசக்கையா இருக்காளே, உங்க தங்கச்சி பொண்ணு" என்று பதில் வரும். ஆயுள் முழுக்க மொடமொட வேட்டியிலேயே காலம் தள்ளியவர் அவர். ஒருமுறை ஒன்றை பீரோவுக்கு மேல் பேப்பர் சுற்றி ஒளித்து வைத்தார். அந்த வருஷம் இரட்டைக் குழந்தை பிறந்தது. அதுவும் போயிற்று.

சேர்த்து வைப்பாரே தவிர, குழந்தை பிறக்குமுன் கிழிக்க மாட்டார்; ஆகாதாம். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் கூடத்தில் காலை நீட்டி உட்காருவார். முதலில் கரையைக் கழித்துவிடுவார், பிஞ்சுத் தோலில் உரசும் என்று. பிறகு விளிம்பைப் பல்லால் ஒரு கடி, கையால் ஒரு இழுப்பு. சர்ர்ர்! கத்தரிக்கோல் கூடாது. கிழித்தால் நூல் போன வழியில் நேராகப் போகும். ஓரம் அடிக்க வேண்டாம், அடித்தால் அந்தத் தையலும் உறுத்தும். ஒரு முழ நீளம், பாதி அகலம் என்று எட்டு முழத்தில் பதினாறு துணி தேறும். பச்சைக் குழந்தைக்குப் பதினாறு ஒரு நாளைக்கே பற்றாது என்பதுதான் பெரியப்பாவின் துயரத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறக்கும்போது ஊரே முகம் சுளிக்கும். பெரியம்மாவுக்கு மட்டும் அது பண்டிகை. மொட்டை மாடிக் கொடியில் காலையில் போட்ட துணி காபி குடித்துவிட்டு வருவதற்குள் அப்பளமாகக் காய்ந்திருக்கும். சோப்புக்கு மசியாத மஞ்சள் கறையை வெயிலே வெளுத்துவிடும். பகலில் குழந்தைக்கு ஒற்றைத் துணிதான். அரைஞாண் கயிற்றில் முன்னால் ஒரு செருகல், பின்னால் ஒரு செருகல். பாதி நேரம் அதுவும் இல்லை. "காத்தாட விடுங்க" என்பதே உத்தரவு. பவுடர் டப்பாவை எடுத்தால் கை மேல் ஒரு தட்டு விழும். "வேர்வையும் பவுடரும் சேந்தா மாவு பிசைஞ்ச கதைதான். வேர்க்குரு வராம என்ன பண்ணும்?"

அமெரிக்காவில் பாம்பர்ஸ் வந்தது 1961-ல். பெரியம்மா வீட்டு வாசல்படியை டயப்பர் என்ற ஒன்று மிதிக்க மேலும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெங்களூரிலிருந்து பேத்தி பையோடு கொண்டுவந்தாள். பெரியம்மா சண்டை போடவில்லை. ஒன்றை எடுத்தார், உள்ளே ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார், அரிவாள்மனையில் வைத்து ஒரு கீறு கீறினார். உள்ளே இருந்ததற்கு சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். தன் எடையைப் போல நூறு மடங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பொதபொதவென்று பிதுங்கி வந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். "ஜவ்வரிசி! இந்த வெயில்ல கொழந்த இடுப்புல பாயசத்தக் கட்டி விடுறீங்களாடி?" அன்று ராத்திரி சாப்பாட்டில் பாயசம் இருந்தது. யாரும் தொடவில்லை.

சமாதானத்துக்கு வந்தவர் பேத்தியின் மாப்பிள்ளை. துணியிலேயே டயப்பர் வருகிறது என்று வரவழைத்தார். வெளியே யானைக்குட்டிப் படம், ஓரமெல்லாம் அழுத்தும் பட்டன், நடுவில் பருத்தித் திண்டு. பெரியம்மா வெளித்துணியைத் திருப்பி, உள்பக்கம் ஒட்டியிருந்த வழுவழுப்பை நகத்தால் சுரண்டினார். "மேல துணி, உள்ள ரப்பர் ஷீட்டு. காத்து எந்த வழியாப் போகும் மாப்ளே?" மாப்பிள்ளை அசரவில்லை, கூட வந்த காகிதத்தை எடுத்து வாசித்தார். முதல்முறை கட்டுமுன் நாலைந்து தடவை துவைக்க வேண்டும், அப்போதுதான் பருத்தி நன்றாக உறிஞ்சும். வாசனைத் திரவம் சேர்க்கக் கூடாது. வெயிலில் உலர்த்துவது நல்லது.

பெரியம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பெரியப்பாவைக் கை காட்டினார். "அஞ்சு தடவையா? இவர் பத்து வருஷம் கட்டி, நான் பத்து வருஷம் தொவச்சி வச்சிருக்கேன். எதுல நல்லா உறிஞ்சும்?"

மாப்பிள்ளை காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ராத்திரிக்கு மட்டும் யானைக்குட்டி என்று ஒப்பந்தம் ஆயிற்று.

பெரியம்மாவின் முறையில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் குழந்தை காய்ந்திருக்கும். மற்ற எல்லோரும் நனைந்திருப்பார்கள். மடியில் வாங்கியவர்கள் வாங்கிய கையோடு கொல்லைப்பக்கம் போக வேண்டியிருக்கும். முகம் சுளித்தால், "கொழந்த மூத்திரம் பன்னீர்டா" என்பார். ஆனால் அந்தப் பன்னீர் தெளிக்கிற நேரம் மட்டும் அவருக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். சரியாக அரை நிமிஷம் முன்னால், "இந்தா, கொஞ்சம் வச்சிக்கோ" என்று நம்மிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்.

போன மாதம் பேத்தியின் குழந்தைக்கு மொட்டை என்று போயிருந்தேன். அன்றைக்கென்று வாங்கிய எட்டு முழம், சுத்தப் பருத்தி. பெரியம்மா பக்கத்தில் வந்தார். விரல்கள் நுனியைத் தேய்த்தன. தலை மெல்ல ஆடியது.

"நல்ல நூலுடா. கஞ்சி போடாதே, சும்மா பெட்டியிலயும் பூட்டி வைக்காதே. தெனம் கட்டு."

"எதுக்குப் பெரியம்மா?"

"உம் பொண்ணு காலேஜ்ல ரெண்டாவது வருஷம்தானே? நேரம் இருக்கு."

வீட்டுக்கு வந்ததிலிருந்து தினமும் அதைத்தான் கட்டுகிறேன். இப்போதுதான் மெத்தென்று ஆக ஆரம்பித்திருக்கிறது. பீரோவுக்கு மேல் இடம் இருக்கிறதா என்று பார்த்து வைத்திருக்கிறேன்.