கொல்லைத் தொல்லியலார்

பணி ஓய்வு பெற்றவர்களில் சிலர் கோயில் கமிட்டியில் சேர்வார்கள், சிலர் மனை வாங்கி விற்பார்கள். இதிலெல்லாம் சேராத ஒருவர் நீடாமங்கலத்தில், வெண்ணாற்றை ஒட்டிய தெருவில் இருக்கிறார். சிங்கப்பூர் மகன் வாங்கிவந்த மெட்டல் டிடெக்டரும் காதில் ஹெட்போனும் இடுப்பில் துண்டுமாக, காப்பி குடித்த கையோடு கொல்லையில் இறங்கிவிடுவார்.

ஆசை பெரிதுதான். 2023இல் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் தேவாரச் செப்பேடுகளும் வந்தன. இதுவும் அதே சோழ மண்தானே! கிணற்றடியில் கருவி கத்தியது. வந்தது பம்பர ஆணி. எருக்குழி ஓரம் கத்தியது. பொட்டுவெடித் துப்பாக்கியின் விசை. மாட்டுக் கொட்டகைப் பக்கம், சக்கரமில்லாத தகரக் கார் ஒன்று. கூடவே ஒரு நயா பைசா.

அந்தக் காசு அவரைப் பேராசிரியராக்கிவிட்டது. "நயா பைசா வந்தது 1957. 'நயா' உதிர்ந்தது 1964. ஆக, இந்தக் கார் அந்த ஏழு வருஷத்துக்குள்ள!" அப்புறமும் அந்தக் காசு யார் டவுசர் பையில் எத்தனை காலம் கிடந்ததோ என்று பால்காரர் கேட்கவில்லை. அவருக்கு இன்னும் பத்து வீடு பாக்கி.

ஆழத்துக்கும் கணக்கு உண்டு: சாணுக்கு ஒரு தலைமுறை. முழ ஆழத்தில் கிடைத்த கார் அதன்படி தாத்தா காலத்துக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு மிராசுதார் எட்டிப் பார்த்தார். "கோடையில நம்ம களிமண்ணு பாளம் பாளமா வெடிக்குதுல்ல சார்? நேத்து விழுந்த சாவிகூட அந்த வெடிப்புல முழ ஆழம் போயிடும்." காரின் காலம் மாறவில்லை, நோட்டில் மட்டும் ஒரு வரி ஏறியது: 'உள்ளூர்வாசி கருத்து. உறுதி செய்யப்படவில்லை.'

உண்மையான சங்கடம் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் வந்தது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுத வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் கௌரவம் போச்சு. மேலே என்றால் கார் போச்சு. இரண்டு ராத்திரி தூக்கமில்லை.

"பேரீச்சம்பழக்காரன்கிட்ட போட்டாக்கூட அஞ்சு ரூபா தேறாதுங்க" என்றார் மனைவி.

"உனக்கென்ன தெரியும்!" என்று நோட்டை எடுத்தவர், 'மதிப்பு' என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார்: ரூ. 9.90.