பணிக்கரின் பாடிக் பிசினஸ்

1911-ல் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், ஓவியராவதற்கு முன் தந்தி இலாகாவில் குப்பை கொட்டியவர். வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று எண்ணியெண்ணிச் செய்தி அனுப்பும் இடம். அதே மனிதர் பிற்காலத்தில் கான்வாஸ் முழுக்க எழுதித் தள்ளினார். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு ஜீவனுக்கும் புரியாது!

வேலையை உதறிவிட்டு 1936-ல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிரின்சிபால் யார் தெரியுமா? தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினா உழைப்பாளர் சிலையைச் செய்தாரே, அவரேதான். மல்யுத்தமும் போடுவார். அப்பேர்ப்பட்டவரின் நாற்காலியில் 1957-ல் உட்கார்ந்தது நம்ம தந்திக்காரர்!

1962-ல் அமெரிக்காவில் ஓவியர் ஆண்டி வார்ஹால் 32 சூப் டப்பாக்களை வரைந்து பரபரப்பைக் கிளப்பினார். ஏறக்குறைய அதே சமயத்தில், இங்கே பணிக்கர் ஒரு மாணவனின் கணக்கு நோட்டைப் பார்த்துச் சொக்கிப்போனார். அல்ஜீப்ராவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஆள் நாட்டிலேயே அவராகத்தான் இருக்கும்.

அதிலிருந்து பிறந்ததுதான் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை. ஜாதகக் கட்டம் மாதிரி ஒன்று, கணக்கு மாதிரி ஒன்று, மலையாளம் மாதிரி நெளியும் எழுத்து. அசல் மலையாளியே கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றாலும் ஒரு வரி தேறாது. டாக்டர் சீட்டையாவது மெடிக்கல் ஷாப்காரர் படித்துவிடுவார்!

சரி, சாப்பாடு? சிஷ்யப்பிள்ளைகள் வரைகிறார்கள், வாங்கத்தான் நாதியில்லை. பணிக்கர் கோஷ்டி கண்டுபிடித்த வழி, பாடிக். உருக்கிய மெழுகால் துணியில் படம் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை எடுத்துவிட வேண்டும். மெழுகு விரிசல் விட்ட இடமெல்லாம் சாயம் நரம்பு நரம்பாக இறங்கியிருக்கும். கான்வாஸ் முன்னால் தலையைச் சொறிந்த சென்னைப் பெருமக்கள், அதே கைகள் போட்ட துணிக்கு மளமளவென்று பர்ஸைத் திறந்தார்கள்!

அந்தக் காசில்தான் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சுமார் பத்து ஏக்கர் வாங்கி, சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பித்தார்கள். வெறும் மணல். ‘நவீன ஓவியம் போடுகிறவனுக்குப் பிழைக்கத் தெரியாது’ என்பார்கள். இன்று அந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) ஒரு கிரவுண்டு என்ன விலை என்று எந்த புரோக்கரையாவது கேளுங்கள், பக்கத்தில் நாற்காலி இருக்கும்போது.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியிலிருந்து ஈசிஆர் வழியாகச் சென்னைக்குப் போகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறோம். உள்ளே சிற்பத் தோட்டமே இருக்கிறது. ஆனால் குடும்பத்தோடு நாம் இறங்குவது அதே ஊர் விஜிபி கேளிக்கைப் பூங்காவில். அங்கே அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க!