பேயும் பயப்படும் டார்கெட்டு

ஏண்டா பேராண்டி, பேய்க்கதை படிக்க நேரமில்லன்னு உங்கம்மாகிட்ட அழுதியாமே? காலையில லோன் வசூலுக்குக் கெளம்பி கச்சிராயபாளையம், வெள்ளிமலைன்னு சுத்திட்டு வர்ற. ராத்திரி படுத்துகிட்டு புத்தகத்தைப் பிரிக்கிற. பேய் வந்து கதவைத் தட்டுறதுக்குள்ள கொறட்டை உட்டுடுற. பாவம், அது எத்தினி நாளைக்குத்தான் வாசல்லயே நிக்கும்?

நாங்க மட்டும் சாய்வு நாற்காலியில சாஞ்சிகிட்டா படிச்சோம்? வெட்டு உத்தரவு வந்து, கரும்பை ஏத்திகிட்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போனா, எடை போடுற வரைக்கும் வண்டி வரிசையிலதான் ராப்பொழுது. மாட்டை அவுத்துக் கட்டி, சோகையை அள்ளிப் போட்டுட்டு, வண்டிக்கு அடியில அரிக்கேன் வெளிச்சத்துல பி.டி.சாமி நாவல். பேய்க்கதை மன்னன்னே அவருக்குப் பேரு. புத்தகம் ஒண்ணு, கை பல. கடைசிப் பக்கத்தை எவனாச்சும் பீடி பத்த வைக்கக் கிழிச்சிருப்பான். அந்தப் பேய் என்னாச்சின்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. அதனாலதான் கிணத்து மேட்டுப் பக்கம் ராத்திரியில இப்பவும் நான் போறதில்ல. முழுசாப் படிச்சே தீரணும்னு ஒனக்கு எவன் சொன்னான்? பாதியில மூடிப் பாரு, மறுநாள் பூரா வண்டியில பின்னாடி ஒக்காந்து வரும்.

புதுமைப்பித்தனைப் படி. தாசில்தார் ஊட்டுப் புள்ள. அப்பாவுக்கு மாத்தலாகி மாத்தலாகி, செஞ்சி, திண்டிவனம், நம்ம கள்ளக்குறிச்சின்னு சின்னப் படிப்பெல்லாம் இந்தப் பக்கந்தான். அப்புறம் மெட்ராசுல பேப்பர் ஆபீஸ் உத்தியோகம். அவருக்கு மட்டும் நேரம் கொட்டியா கெடந்திச்சி? 1943ல வந்த ‘காஞ்சனை’ சின்னக் கதை, வெள்ளிமலை பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல முடிச்சிடலாம். ஊட்டுக்காரம்மா ஒருத்தியை வேலைக்குச் சேத்துக்குது. வந்தவ யாரு என்னான்னு மனுசன் கடைசி வரைக்கும் ஒடைச்சிச் சொல்ல மாட்டாரு. அதைப் படிச்சிட்டு வசூலுக்குப் போனா எந்த ஊட்டுக்குள்ளயும் கால் வைக்க மாட்ட, திண்ணையோட நின்னுக்குவ. மரியாதை தெரிஞ்ச பையன்னு ஊருல பேராகும்.

சீமையில பிராம் ஸ்டோக்கர்னு ஒருத்தரு. லண்டன்ல லைசியம் நாடகக் கொட்டாய்க்கு மேனேஜரு. கணக்கு, கடுதாசி, நடிகரோட கோவம் எல்லாம் அவரு தலையில. லீவு உட்டா கடலோரம் போயி குறிப்பெடுப்பாராம். அப்பிடி எழுதுனதுதான் 1897ல வந்த டிராகுலா. ஒன் மேனேஜரும் ஒண்ணும் கொறைஞ்சவரு இல்ல. மாசக் கடைசியில அவரு அனுப்புற டார்கெட்டைப் படிச்சிட்டு நீ முழிக்கிற முழிய நான் பாத்திருக்கேன்.

மலையேறுறப்ப டவர் போயிடுதுன்னு பொலம்புறியே, அது கஷ்டமா? வரம்டா! வண்டியை ஓரங்கட்டு, கடுக்கா மரத்தடியில ஒக்காரு, பத்துப் பக்கம் படி. மேனேஜரு கேட்டா டவர் இல்லன்னு சொல்லு, பொய்யும் இல்ல. ஆனா பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடு. பேய்க்காகச் சொல்லல. மரவள்ளி ஏத்திகிட்டு வளைவுல எதுக்க வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறதில்ல.

புத்தகத்தைக் காசு குடுத்து வாங்கித் தொலைக்காத, லைப்ரரியில எடு. வெள்ளிக்கெழம மட்டும் போகாத, லீவு. பேய்க்கு ஒகந்த நாளாப் பாத்துப் பூட்டிட்டுப் போறானுவோ! எடுத்தாந்தா ஒங்க பாட்டி கண்ணுல மட்டும் காட்டிடாத. அவ எடுத்துட்டா முடிக்கிற வரைக்கும் ஒனக்கும் எனக்கும் ராச்சோறு கெடையாது.